ஒரே ஒரு பாக்கெட், எட்டுப் பந்து: ஒரு பூல் ஆட்டத்தின் கதை

1/
கேரம் ஆடாத வீடு நம்ம ஊரில் குறைவு. மே மாத லீவில் பவுடர் கொட்டி, விரல் நகம் வலிக்க வலிக்க ஆடியிருப்போம். அப்போ எல்லோருக்கும் ஒரு கேள்வி வந்திருக்கும். "இந்தக் காயை இப்பவே போட்டுடலாமா? இல்ல, அவன் காயை மறைச்சு வச்சுட்டு அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாமா?"

இந்த ஒரு கேள்வியையே முதுகெலும்பாக வைத்து அமெரிக்காவில் ஒரு முழு ஆட்டம் இருக்கிறது. பெயர் ஒன் பாக்கெட் பூல். இன்றைக்கு அதன் வரலாறு. த்ரெட் கொஞ்சம் நீளம். டீயோட உட்காருங்க.

2/
"உங்களுக்கு எதுக்கு டாக்டர் பூல்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான்.

கொரோனா காலத்தில் வீட்டு மாடி அறையில் தனியாக அடைந்து கிடந்தபோது, தூக்கம் வராத இரவுகளில் பார்க்க ஆரம்பித்த வீடியோக்கள் இவை. முதலில் ஒன்றும் புரியவில்லை. சுலபமாகப் போடக்கூடிய பந்தை விட்டுவிட்டு, ஆள் எதையோ மெதுவாகத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுகிறார். "என்னய்யா இது, அடிக்கவே மாட்டேங்குறான்?"

பத்துப் பதினைந்து ஆட்டம் பார்த்த பிறகுதான் உறைத்தது. இதே காட்சியை நான் ஏற்கனவே ஒரு கேஷுவாலிட்டியில் பார்த்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

3/
முதலில் விதிகள். ரொம்ப சிம்பிள்.

பூல் மேசையில் ஆறு பாக்கெட். ஒன் பாக்கெட்டில் கணக்கில் வருவது இரண்டே இரண்டு. பந்துகளை முக்கோணமாக அடுக்கும் பக்கத்து மூலைகள். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. ஆட்டத்தைத் தொடங்குபவர் தன் மூலையைத் தேர்ந்தெடுப்பார்.

மொத்தம் 15 பந்து. எந்த நம்பராக இருந்தாலும் பரவாயில்லை. தன் மூலையில் முதலில் 8 பந்து விழ வைப்பவர் ஜெயித்தார்.

என் அடியில் உங்கள் மூலையில் பந்து விழுந்தால் அது உங்கள் கணக்கு. மற்ற நான்கு பாக்கெட்டில் விழுந்தால் யாருக்கும் இல்லை, பந்து மேசைக்கே திரும்பி வரும்.

4/
ஃபவுல் செய்தால்? இங்கேதான் கேரம் ஆடியவர்களுக்கு வசதி. ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போனால் ஃபைன் கட்டுவோம் இல்லையா, எடுத்த காயில் ஒன்றைத் திரும்ப வைப்போமே, அதே கதைதான். ஒரு ஃபவுலுக்கு ஒரு பந்து அபராதம். கையில் பந்தே இல்லையென்றால் கடன். அடுத்து விழும் பந்தில் கழியும்.

தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் ஆட்டமே போச்சு.

இந்த அபராத விதியை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்த ஆட்டத்தின் மிக அழகான முடிவுகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

5/
இந்த விதி எவ்வளவு பெரிய மாற்றம் என்பதற்கு ஒரு ஒப்பீடு.

அந்தக் காலத்தில் அமெரிக்க சாம்பியன்களின் ஆட்டம் ஸ்ட்ரெய்ட் பூல். ஆறு பாக்கெட்டும் எல்லோருக்கும் பொது. 1954-இல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வில்லி மஸ்கோனி ஒரு கண்காட்சி ஆட்டத்தில் தொடர்ச்சியாக 526 பந்துகளைப் போட்டார். எதிரே ஆடியவர் என்ன செய்திருப்பார்? நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பார்.

ஒன் பாக்கெட்டில் அந்த மாதிரி நடக்க வழியே இல்லை. ஐந்து கதவைச் சாத்திவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். திறமைசாலிக்கும் வரிசையாக எட்டுப் பந்து போடுவது அபூர்வம். எனவே "எப்படி அடிப்பது" என்ற கேள்வி பின்னால் போய், "எதை அடிப்பது, எதை விடுவது" என்பது முன்னால் வந்து நிற்கிறது.

6/
மறைத்து வைக்கும் கலை நமக்கும் அந்நியம் இல்லை. ஸ்நூக்கர் ஆட்டம் பிறந்தது இந்தியாவில்தான். 1875-இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி உருவாக்கியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அதன் விதிகள் எழுதி மாட்டப்பட்ட இடம் நம்ம ஊட்டி கிளப், 1882.

ஸ்நூக்கரில் எதிராளியின் வழியை மறிப்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. ஒன் பாக்கெட்டில் அதுவே ஆட்டத்தின் பெரும்பகுதி.

7/
சரி, இது எங்கே வளர்ந்தது?

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், அமெரிக்கப் பூல் கூடங்களில். பணம் வைத்து ஆடிய ஆட்கள் மத்தியில். ஆட்டத்துக்கு வடிவம் கொடுத்தவர் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் பெயர் ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த ஹேடன் லிங்கோ.

சூதாட்டக்காரர்களுக்கு இது ஏன் பிடித்தது? இரண்டு காரணம்.

ஒன்று, சலுகை கொடுப்பது சுலபம். "நான் 10 போடுறேன், நீ 6 போட்டா போதும்" என்று பேரம் பேசலாம். பலவீனமானவரையும் மேசைக்கு இழுக்கலாம்.

இரண்டு, வயதானவர்களும் ஆடலாம். நாற்பதைத் தாண்டினால் கண்ணில் வெள்ளெழுத்து. அப்புறம் கை லேசாக நடுங்க ஆரம்பிக்கும். ஆனால் முப்பது வருஷம் மேசையைப் பார்த்த மூளை அப்படியே இருக்கும். இளைஞனின் கண்ணும் கிழவரின் அனுபவமும் சமமாக மோதும் இடம் இது.

8/
1961. இந்த ஆட்டம் இருட்டிலிருந்து வெளியே வந்த வருஷம்.

இல்லினாய்ஸ் மாநிலத்தின் தெற்கே ஜான்ஸ்டன் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். பேரில்தான் சிட்டி, நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வளர்ந்த ஊர் அது. அங்கே ஜார்ஜ் ஜான்ஸ்கோ, பாலி ஜான்ஸ்கோ என்று இரண்டு சகோதரர்கள். நாடு முழுக்க ஊர் ஊராகப் போய் பணத்துக்கு ஆடும் ஆட்களை ஒரே கூரையின் கீழ் கூட்டி ஒரு போட்டி நடத்தினால் என்ன என்று யோசித்தார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்த ஆட்டம் ஒன் பாக்கெட். முதல் வருஷம் ஜெயித்தவர் ஜானி வீவிஸ். அடுத்தடுத்த வருஷங்களில் ஸ்ட்ரெய்ட் பூலும் நைன் பாலும் சேர்ந்துகொண்டன.

9/
அதே 1961-இல்தான் பால் நியூமன் நடித்த 'தி ஹஸ்லர்' படமும் வந்தது. வால்டர் டெவிஸ் 1959-இல் எழுதிய நாவல். படம் பெரிய ஹிட். மூடிக்கிடந்த பூல் கூடங்கள் எல்லாம் மறுபடி திறந்தன.

படத்தில் மினசோட்டா ஃபேட்ஸ் என்று ஒரு பாத்திரம். ஜான்ஸ்டன் சிட்டி பக்கத்தில் இருந்த ருடால்ஃப் வாண்டரோன் என்ற குண்டான, வாய் ஓயாத ஆட்டக்காரர், "அது நான்தான்!" என்று அறிவித்துவிட்டார். டெவிஸ் கடைசிவரை மறுத்தார். வாண்டரோனோ அந்தப் பெயரிலேயே டிவி வரைக்கும் போய், பெரும் புகழோடு வாழ்ந்து முடித்தார். கதாசிரியர் மறுத்தும் கதாபாத்திரமாகவே வாழ்ந்த மனுஷன்!

சுவாரசியம் என்னவென்றால், பூலை ஊரெல்லாம் பரப்பிய அந்தப் படத்தில் ஆடுவது பெரும்பாலும் ஸ்ட்ரெய்ட் பூல். அந்த ஹஸ்லர்கள் தங்களுக்குள் நிஜமாக விரும்பி ஆடிய ஒன் பாக்கெட் திரைக்குப் போகவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். பத்து நிமிஷம் யாரும் பந்து போடாத ஆட்டத்தைத் திரையில் யார் பார்ப்பார்கள்?

10/
ஜான்ஸ்டன் சிட்டி போட்டி 1972 வரை ஓடியது. மேசையில் நடந்த போட்டிக்குப் பரிசுத்தொகை. அதைவிடப் பெரிய பணம் நள்ளிரவுக்குப் பிறகு ஓரமாக நடந்த பந்தயத்தில் புரண்டது. அந்த வருஷம் ஃபெடரல் அதிகாரிகள் உள்ளே புகுந்து சூதாட்ட வழக்கில் கைது செய்தார்கள். கதை அத்தோடு முடிந்தது.

ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பெரிய விஷயம் நடந்துவிட்டது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த ரகசியங்கள் ஒரே மேசையில் மோதின. ஒருவன் செய்வதை இன்னொருவன் பார்த்தான். மருத்துவத்தில் மாநாடு நடத்துவது எதற்கோ அதற்கேதான் அதுவும் பயன்பட்டது.

11/
இப்போ ஆட்டத்துக்குள் போவோம். பழைய பாணி எப்படி இருந்தது?

பொறுமை. தொடக்க அடியிலேயே அது தெரியும். மற்ற பூல் ஆட்டங்களில் முதல் அடி இடி மாதிரி விழும். பந்துகள் நாலாபுறமும் சிதறும். ஒன் பாக்கெட்டில் முக்கோணத்தின் ஓரத்தை மெல்லத் தொடுவார்கள். சில பந்துகள் தன் மூலைப் பக்கம் நகரும். வெள்ளைப் பந்து போய் எதிராளிக்குத் தோதில்லாத இடத்தில் குஷனை ஒட்டி நிற்கும்.

அதற்கப்புறம் இருவரும் மாறி மாறி நகர்த்துவார்கள். என் மூலைப் பக்கம் ஒரு பந்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, வெள்ளைப் பந்தைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வருவேன். நீங்கள் அதை விலக்கியாக வேண்டும். விலக்கும்போது நீங்கள் ஏதாவது ஒரு சின்னத் தப்பு செய்வீர்கள். அதற்குத்தான் நான் காத்திருக்கிறேன்.

12/
இங்கே புரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுட்பம்.

என் மூலை வாயில் நிற்கும் பந்து இன்னும் விழவில்லை. ஸ்கோரில் அது பூஜ்யம். ஆனாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது. அது அங்கே நிற்கும்வரை, வெள்ளைப் பந்தை எனக்கு எட்டும் இடத்தில் நீங்கள் விடவே முடியாது. உங்கள் பத்து வழிகளில் ஏழு அடைபட்டுவிடும்.

செஸ் ஆடுபவர்களுக்கு இது உடனே புரியும். காயை வெட்டுவதைவிட வெட்டுவேன் என்ற பயம் சில நேரம் வலியது.

13/
இன்னொரு நுட்பம், வேண்டுமென்றே செய்யும் ஃபவுல்.

மாட்டிக்கொண்டேன். எப்படி அடித்தாலும் எதிராளிக்கு மூன்று, நான்கு பந்து திறந்துவிடும். என்ன செய்வது?

புதியவன் ஒரு அதிசய ஷாட்டை முயன்று பார்ப்பான். அனுபவசாலி வெள்ளைப் பந்தை மெதுவாகத் தள்ளி ஒரு பந்தின் மேல் ஒட்டி வைத்துவிட்டு, ஒரு பந்தை எடுத்துத் திரும்ப மேசையில் வைப்பான். அபராதம் கட்டியாச்சு. இப்போ மாட்டிக்கொண்டிருப்பது எதிராளி.

ஒரு பந்து நஷ்டம் வெளியே தெரியும். தப்பித்த நான்கு பந்து யார் கண்ணுக்கும் தெரியாது. மூன்று ஃபவுல் விதி இருப்பதால் இதையே செய்துகொண்டும் இருக்க முடியாது. எப்போது கட்டுவது என்பதுதான் வித்தை.

14/
ஒரு கணக்கு போடுவோம். ஸ்கோர்: நான் 5, நீங்கள் 7. மேசையில் மீதி 3 பந்து. எனக்கு மூன்றும் வேண்டும். உங்களுக்கு ஒன்று போதும். அதில் ஒன்று உங்கள் மூலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

எனக்கு ஒரு ஷாட் தெரிகிறது. விழ 60% வாய்ப்பு. கை அரிக்கிறது. அடிக்கலாமா?

பொறுங்க. அது விழுந்தாலும் ஆட்டம் முடியாது. இன்னும் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதே 60% என்று வைத்தால், 0.6 × 0.6 × 0.6 = 0.216. கிட்டத்தட்ட 22%. தவறினால் உங்கள் மூலை வாயில் பந்து தயாராக இருக்கிறது, அடுத்த அடியில் ஆட்டம் முடிந்தது.

ஆக நான் 60% என்று நினைத்தது உண்மையில் 22%. அந்த ஒற்றைப் பந்தை மேசையின் மறுகோடிக்குத் துரத்திவிட்டு, வெள்ளைப் பந்தையும் குஷனோடு ஒட்டவைப்பதுதான் சரி. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஆட்டம் உயிரோடு இருக்கும்.

15/
இதுவரை படித்தால், தற்காப்புதான் புத்திசாலித்தனம், தாக்குபவன் முட்டாள் என்று தோன்றும். அப்படித்தான் பல காலம் நினைத்தார்கள்.

அப்புறம் ரானி ஆலன் வந்தார். செல்லப் பெயர் ஃபாஸ்ட் எட்டி. 1960-களின் ஜான்ஸ்டன் சிட்டி தலைமுறை. பொறுமையாக நகர்த்தும் ஆட்களின் நடுவே இவர் பந்துக் கூட்டத்தையே உடைத்தார். குஷனில் மோதித் திரும்பி விழும் பேங்க் ஷாட்டுகளைத் தயங்காமல் அடித்தார். பார்த்தவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருந்தது. ஆனால் ஜெயித்துக்கொண்டே இருந்தார்.

16/
ரகசியம் என்ன? அவர் அடித்தது கண்மூடித்தனமான அடி இல்லை. ஒரே அடியில் இரண்டு வேலை.

பந்து விழுந்தால் லாபம். விழாவிட்டாலும் வெள்ளைப் பந்து போய் நிற்கும் இடம் எதிராளிக்கு உதவாத இடம். பேங்க் ஷாட்டில் தவறிய பந்தும் தன் மூலைப் பக்கமே வந்து நிற்கும் வேகத்தில் அடிப்பது. தோல்வியையும் சேர்த்துத் திட்டமிட்ட தாக்குதல்.

ஆக, பழைய ஆட்கள் "அடிக்கலாமா, ஒளியலாமா" என்று கேட்டார்கள். ஆலன் "ஏன் ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது?" என்று கேட்டார். அதன்பிறகு இந்த ஆட்டம் பழைய மாதிரி இல்லை.

17/
அடுத்த கட்டம், வாத்தியார் காலம்.

கிரேடி மேத்யூஸ். பட்டப் பெயரே புரொஃபசர். ரகசியமாகக் காப்பாற்றி வைத்திருந்த நுணுக்கங்களை வீடியோவிலும் வர்ணனையிலும் பொதுவில் போட்டு உடைத்தவர். போட்டிகளும் நடத்தினார். 'தி கலர் ஆஃப் மனி' படத்தில் ஒரு சின்ன வேடத்திலும் வருவார். 2012-இல் காலமானார்.

1990-களில் எட்டி ராபின் என்பவர் பெரிய ஆட்டக்காரர்களின் பாடங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். குருகுலக் கல்வி பாடப்புத்தகக் கல்வியான கதை. நம்ம துறையிலும் நடந்ததுதான்.

18/
கடைசியாக எஃப்ரென் ரேயஸ். பிலிப்பைன்ஸ்காரர். 1954-இல் பம்பாங்கா மாகாணத்தில் பிறந்தவர். மணிலாவில் மாமாவின் பூல் கூடத்தில் வளர்ந்து, பூல் மேசை மேலேயே படுத்துத் தூங்கிய பையன்.

1985-இல் அமெரிக்கா போனார். பேர் தெரிந்தால் யாரும் ஆட வரமாட்டார்கள் என்று சீசர் மொரால்ஸ் என்ற பெயரில் ஹூஸ்டனில் இறங்கினார். பிறகு 1999-இல் கார்டிஃபில் உலக நைன் பால் சாம்பியன். 2003-இல் அமெரிக்க பில்லியர்ட்ஸ் காங்கிரஸின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் ஆசியர்.

ஒன் பாக்கெட் அவர் சிறுவயதில் கற்ற ஆட்டமில்லை. வயது வந்த பிறகு, அமெரிக்கர்களிடமே கற்று, அவர்களையே ஜெயித்தார். கென்டக்கி லூயிவில் பக்கம் 1999-இல் தொடங்கிய டெர்பி சிட்டி கிளாசிக் போட்டியில் ஒன் பாக்கெட் பட்டத்தைப் பலமுறை வென்றார்.

19/
அவர் ஆட்டத்தை ஒருமுறை பாருங்கள். அவசரமே இருக்காது. பல் தெரியச் சிரித்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடப்பார். தலையைச் சொறிவார். மற்றவர்கள் ஃபவுல் கட்டிவிட்டு ஓடும் இடத்தில், இவர் வெள்ளைப் பந்தை மூன்று குஷன் சுற்றி அனுப்பி, தன் மூலைப் பக்கம் ஒரு பந்தைத் தள்ளி, எதிராளியையும் பூட்டிவிட்டுப் போவார். பாக்கெட்டே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் மேசையில் கற்ற கோணக் கணக்கு அது.

லிங்கோ காலத்துப் பொறுமையும் ஆலனின் துணிச்சலும் ஒரே ஆளிடம். எந்த மேசைக்கு எது என்று அவருக்குத் தெரியும்.

20/
இப்போ அந்தப் பையன் கதை.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த நேரம். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பதினோரு வயசுப் பையன். சைக்கிளிலிருந்து விழுந்து ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியிருக்கிறது. ஸ்கேனில் மண்ணீரல் கிழிசல், சுற்றிலும் ரத்தம்.

எனக்குள் ஒரே பரபரப்பு. படித்தது, கேட்டது எல்லாம் 'ஆபரேஷன்' என்றே கத்தியது. தியேட்டருக்குச் சொல்லலாமா என்று சர்ஜன் சாரிடம் கேட்டேன். அவர் பையனின் நாடியைப் பிடித்தார், கண் இமையைப் பார்த்தார், பிபி பார்த்தார். "ரத்தம் ரிசர்வ் பண்ணு. தியேட்டர் ரெடியா இருக்கட்டும். ஸ்டூல் ஒண்ணு கொண்டா" என்றார்.

ஸ்டூலைப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

21/
பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நாடி, பிபி. மணி பன்னிரண்டு, ஒன்று, இரண்டு.

பையனின் அப்பா பொறுக்க முடியாமல் கத்தினார். "என்ன சார், புள்ள வயித்துல ரத்தம் ஓடுதுங்கறீங்க, நீங்க சும்மா உக்காந்திருக்கீங்க?"

சார் கோபப்படவில்லை. "சும்மா இல்லண்ணே. காவலுக்கு உக்காந்திருக்கேன். நாடி ஏற ஆரம்பிச்சா அடுத்த நிமிஷம் வயித்தைத் திறப்பேன். அதுவரைக்கும் அவன் மண்ணீரல் அவன்கிட்டயே இருக்கட்டும்."

விடிகாலையில் நாடி இறங்கியது. அந்தக் கத்தி எடுக்கப்படவே இல்லை. பத்து நாளில் பையன் நடந்து வீட்டுக்குப் போனான்.

22/
இதன் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது.

நோபல் பரிசு பெற்ற தியோடர் கோக்கர் போன்ற மேதைகளே, அடிபட்ட மண்ணீரலை எடுத்துவிடுவதுதான் சரி, எடுப்பதால் கேடில்லை என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதினார்கள். பல பத்தாண்டுகள் அதுவே வேதம்.

1952-இல் கிங், ஷூமேக்கர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளுக்குப் பின்னர் கடுமையான கிருமித்தொற்று வந்ததைப் பதிவு செய்தார்கள். தேவையில்லாத உறுப்பு என்று நினைத்தது உண்மையில் ஒரு காவல்காரன்.

1968-இல் டொரொண்டோ குழந்தைகள் மருத்துவமனை அனுபவத்தை உபாத்யாயா, சிம்ப்சன் என்ற இருவர் வெளியிட்டார்கள். நிலையாக இருக்கும் குழந்தைகளைக் கண்காணித்தே காப்பாற்றலாம் என்ற பாதை அங்கிருந்து விரிந்தது. இன்று உலகம் முழுக்க அதுவே வழக்கம். அன்றைக்கு அந்த ஸ்டூலில் சாரோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது இந்த வரலாறுதான்.

23/
ஆனா, "காத்திருப்பதே நல்ல வைத்தியம்" என்று இதை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து, பிபி இறங்கி, வெளிறிப்போய் ஒரு பெண் வந்தால் ஸ்டூல் போட்டு உட்காரக் கூடாது. அங்கே ஒவ்வொரு நிமிஷமும் ரத்தம். ஓடணும், திறக்கணும், கட்டணும். அது ரானி ஆலனின் மேசை.

இரண்டு பேர் வயிற்றிலும் ரத்தம்தான். மேசை வேற, அடியும் வேற.

24/
என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக் தொடங்கிய புதிதில் இரண்டு நாள் வைரஸ் காய்ச்சலோடு வரும் குழந்தைகளுக்குத் தேவையே இல்லாமல் ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கிறேன். ஏன்? எதிரே அம்மா உட்கார்ந்து, "ஒண்ணுமே எழுதலையா டாக்டர்?" என்று பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. அடுத்த தெரு கிளினிக்குக்குப் போய்விடுவார்களோ என்ற பயமும் உண்டு.

அது நோயாளிக்காக அடித்த ஷாட் இல்லை. வேடிக்கை பார்ப்பவர்களுக்காக அடித்தது. பூல் கூடத்தில் அப்படி அடிப்பவன் தன் காசைத்தான் இழப்பான். நான் செலவழித்தது இன்னொருவர் வீட்டுக் குழந்தையின் உடம்பை.

இப்போது அதே அம்மாவிடம், எந்த அறிகுறி வந்தால் ராத்திரியானாலும் கூப்பிடணும் என்று ஐந்து நிமிஷம் பேசுகிறேன். மருந்துச் சீட்டு காலியாக இருந்தாலும் அவர் திருப்தியாகவே போகிறார். முதலில் இருந்தே பேசியிருக்கலாம்.

25/
ஒன் பாக்கெட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கேள்விகள், வரிசைப்படி:

• இப்போ எதிரே இருக்கும் ஆபத்து என்ன? அதை விட்டால் அடுத்த அடியில் என்ன ஆகும்?
• நான் நினைத்தது பலிக்காவிட்டால் மேசை எப்படி இருக்கும்?
• ஸ்கோர் என்ன? முன்னால் இருக்கிறேனா, பின்னால் இருக்கிறேனா?
• ஒரே அடியில் இரண்டு வேலை முடியுமா?
• எதுவுமே நல்லதில்லை என்றால், எந்த நஷ்டம் சின்னது?

"இது விழுமா?" என்ற கேள்வி இந்த லிஸ்டில் தனியாக இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாப் புதியவர்களும் அதை மட்டும்தான் கேட்கிறார்கள். நானும் அந்த ராத்திரி அதைத்தான் கேட்டேன்.

26/
டாக்டர் த்ரெட் என்பதால் ஒரு எச்சரிக்கை இல்லாமல் முடிக்க முடியாது.

குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்து ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, வெளிறிப்போதல், தலைசுற்றல், வாந்தி, சோர்வு. இதில் எது இருந்தாலும் உடனே ஸ்கேனும் அறுவைசிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனைக்குப் போங்க. சார் காத்திருந்தது ரத்தமும் தியேட்டரும் தயாராக வைத்துக்கொண்டு. வீட்டில் காத்திருப்பது அதுவல்ல.

ஏற்கனவே மண்ணீரல் எடுக்கப்பட்டவர் வீட்டில் இருந்தால், நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

27/
அந்தப் பையனுக்கு இப்போ வயது முப்பதை நெருங்கியிருக்கும். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான், தெரியாது. வயிற்றில் தழும்பு இல்லாததால், அந்த ராத்திரி தனக்கு என்ன நடந்தது என்பதே அவனுக்கு மறந்துபோயிருக்கலாம்.

சார் ரிட்டயர் ஆகிவிட்டார். போன மாசம் போனில் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "கேரம்ல என்னை ஒருத்தனும் ஜெயிச்சதில்லடா, தெரியுமா?" என்றார்.

தெரியாது சார். ஆனா ஆச்சரியமா இல்ல.